எங்கள் தெரு இருந்த இடத்தில் ஒரு குடை

தரங்கம்பாடியின் சுற்றுலாத் திட்டத்தை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

எங்கள் ஊர்க் கூட்டத்தில் நீங்கள் கொடுத்த கையேட்டு வரைவின் நான்காம் பக்கத்தில் தரங்கம்பாடியின் வரைபடம் இருக்கிறது. நகர வாயில், ராஜ வீதி, இரண்டு தேவாலயங்கள், ஆளுநர் மாளிகை, கோட்டை எல்லாம் அழகாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. மீனவர் குடியிருப்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வண்ணக் குடையும் சாய்வு நாற்காலியும் வரையப்பட்டிருக்கின்றன. நான் பிறந்த தெரு அங்கேதான் இருந்தது. என் அப்பா நாற்பது வருடம் அங்கிருந்துதான் கடலுக்குப் போனார்.

அன்றே எழுந்து கேட்டேன். பயணிகளுக்கு, இங்கே கோட்டை கட்டிய டென்மார்க் நாட்டு டேனிஷ்காரர்கள்தான் புதுமை, கோயிலும் குப்பமும் எல்லா ஊரிலும் இருக்கிறது என்று பதில் வந்தது. திருத்தம் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னீர்கள். ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. இப்போது அந்த வரைவு அப்படியே அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்படுகிறேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கையேட்டின் முதல் வரியே தரங்கம்பாடியின் வரலாறு 1620-இல் தொடங்குவதாகச் சொல்கிறது. கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அலையை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 1306-ஐ ஒட்டி மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. ஒரு பாண்டிய மன்னன் தன் பெயரை ஒட்டிப் பட்டினம் என்று அழைக்கும் அளவுக்கு இங்கே கடல் வணிகம் நடந்திருக்கிறது. டென்மார்க்கிலிருந்து முதல் கப்பல் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கும் முன்பே இது துறைமுக ஊர். இதை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரி உங்கள் கையேட்டில் இல்லை.

இன்னொன்று, ஊரின் பெயருக்கு 'பாடும் அலைகளின் நிலம்' என்று நீங்கள் கொடுக்கும் விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாணியம்பாடியும் காட்பாடியும் யாரும் பாடுவதால் வந்த பெயர்கள் இல்லை. பாடி என்றால் குடியிருப்பு, ஊர். கல்வெட்டில் உள்ள சடங்கன்பாடியிலும் அதே பாடிதான். பெயரிலேயே நாங்கள் குடியிருந்தோம் என்று இருக்கிறது. அதையும் பாட்டாக மாற்றிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

கோயிலின் கிழக்குப் பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கொடிமரம் இருந்த இடம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது என்று என் தாத்தா கை நீட்டிக் காட்டுவார். அந்த இடத்தில் கட்டுமரம் கவனமாகப் போக வேண்டும், அடியில் கல் இருக்கிறது என்பார். தாத்தா காட்டிய அந்த இடத்தை இன்று ஊரில் நான்கைந்து பேர்தான் அடையாளம் சொல்வார்கள். அவர்களும் போய்விட்டால் எந்தக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

சரி, 1620-க்கே வருகிறேன். அந்த ஆண்டையும் நீங்கள் முழுதாகச் சொல்லவில்லை. டேனியர்கள் வந்து இறங்கிக் கோட்டை கட்டினார்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள், யாரிடமும் கேட்காமல் வந்து கட்டியதுபோல. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஓவ் கெட்டே என்ற இளம் தளபதி ஒப்பந்தம் பேசி, ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் செலுத்த ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த மண்ணில் செங்கல் வைத்தார்கள். ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அது தமிழில் எழுதப்பட்டது. தரங்கம்பாடியையும் டென்மார்க்கையும் இணைக்கும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று தமிழில் இருக்கும்போது, எங்கள் ஊர்க் கையேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு அவசரமாகத் தமிழாக்கப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பக்கங்களில் மட்டும் 23 எழுத்துப் பிழைகளை எண்ணினேன்.

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் கதைகளில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்று உண்டு. 1640 வாக்கிலிருந்து 1669 வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. அங்கே போர், பணமில்லை, இந்த வணிகத்தை நடத்திய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி நொடித்துவிட்டது. இங்கிருந்த டேனியர்கள் நோயில் இறந்தார்கள், சிலர் வேறு வேலை தேடிப் போனார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்று ஒரே ஒருவர் மிஞ்சினார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் ஊர் மக்களையும் இங்கே தங்கிவிட்ட போர்த்துகீசிய வழியினரையும் வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669-இல் ஃபேரோ என்ற கப்பல் வந்தபோது டேனிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கொடியை ஏற்றி இறக்கிய கைகளில் அநேகம் இந்த மண்ணின் கைகளாகத்தானே இருந்திருக்கும்? இந்த ஊரின் டேனிஷ் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. டேனிஷ் வரலாற்றுக்காகவே தயாரித்த கையேட்டில் கோங்ஸ்பாக்கேயின் பெயர்கூட இல்லை என்பதைப் பார்த்தபோதுதான், இதை எழுதியவர்கள் எந்த வரலாற்றையும் சரியாகப் படிக்கவில்லை என்று எனக்கு உறுதியானது.

ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்க் பற்றி இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒதுக்க வேண்டியவர்தான். 1706 ஜூலை 9-இல் இங்கே வந்து இறங்கி, 1719-இல் 36 வயதில் இறந்து, தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடங்கியிருப்பவர். ஆனால் அவருக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது? திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் இடத்துக்கு வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பதிவுகளில் அலேப்பா என்று காணப்படும் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், அவருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னார். 1708-லேயே அவர் தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியல் எழுதியிருக்கிறார் என்றால், அந்தச் சுவடிகளை வைத்திருந்தவர்கள், படித்துக் காட்டியவர்கள், பிரதி எடுத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களைப் பற்றி உங்கள் இரண்டு பக்கத்தில் அரை வரி உண்டா?

ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. அதனால் பக்கத்துப் பொறையாற்றில் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், காகிதமும் செய்து பார்த்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பொறையாறு இங்கிருந்து நடந்து போகும் தூரம். உங்கள் வரைபடம் ஊர் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. சீகன்பால்க்கைக் கோட்டையின் டேனிஷ் தளபதியே நான்கு மாதம் சிறையில் அடைத்தார் என்பதையும் விட்டுவிட்டீர்கள். ஒருவேளை கோட்டையின் அழகுக்கு அது பொருந்தவில்லையோ என்னவோ. 1707-இல் இங்கே பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியதையும் காணோம். நான் ஒரு பெண், மீனவர் வீட்டுப் பெண், ஆசிரியை. அதைச் சொல்லாமல் விட்டது என்னைத் தனியாகவே காயப்படுத்தியது.

டேனியர்கள்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் பழுதுபார்த்ததில் டென்மார்க் மக்களின் பங்கு பெரியது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. சொல்லப்போனால், அங்கிருந்து வருகிறவர்கள்தான் எங்களைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். போன மார்கழியில் ஒரு வயதான டேனிஷ் தம்பதியைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அந்த அம்மா கல்வெட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இதைப் படித்துச் சொல்ல ஒரு பலகை இல்லையா என்று அடுத்த கேள்வி. கண்ணில் பட்ட பலகையில், குப்பை போடாதீர்கள் என்று மட்டும் இருந்தது.

கையேட்டின் கணக்குப்படி 1845-இல் எங்கள் வரலாறு முடிந்துவிடுகிறது. அந்த ஆண்டு டேனியர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். விற்றவர்களும் வாங்கியவர்களும் உங்கள் கையேட்டில் இருக்கிறார்கள், விற்கப்பட்ட ஊரில் குடியிருந்தவர்களைத் தவிர. அதற்குப் பிறகுதான் இந்த ஊர் எப்படித் தேய்ந்தது என்ற கதையே வருகிறது. கலெக்டர் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போனது. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே திரும்பிவிட்டது. துறைமுகம் ஓய்ந்தது. கோட்டை பயணியர் விடுதியானது. 1970-களின் பிற்பாதி வரை அங்கே ஆட்கள் தங்கிப் போயிருக்கிறார்கள், பிறகுதான் அருங்காட்சியகம். பீரங்கிகளுக்குப் பக்கத்தில் போர்வை காயப்போட்டிருந்ததைப் பார்த்த ஞாபகம் என் சித்தப்பாவுக்கு இன்னும் இருக்கிறது.

ரயிலும் எங்களுக்கு இருந்தது. 1926-இல் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். என் அம்மா கருவாட்டுக் கூடையோடு அந்த ரயிலில்தான் மாயவரம் போவார். கூடையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு என்னை மடியில் வைத்துக்கொள்வார். வாசனைக்கு முகம் சுளிக்கிறவர்களும் உண்டு, அங்கேயே விலை பேசி வாங்குகிறவர்களும் உண்டு. 1986-இல் அந்த ரயில் நின்றது. அதன்பிறகு அம்மா பஸ்ஸில் கூடையை ஏற்ற ஒவ்வொரு நடத்துநரிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது. பயணிகள் ஏன் இங்கே ஒரு மணி நேரம்கூடத் தங்குவதில்லை, வந்து சேர்வது ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று உங்கள் திட்டத்தில் ஒரு பகுதியே எழுதியிருக்கிறீர்கள். அதில் இந்த ரயிலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தில்லையாடி என்றதும் வள்ளியம்மை நினைவுக்கு வராத தமிழர் இருப்பாரா? தென்னாப்பிரிக்காவில் சிறை சென்று, 1914-இல் 16 வயது நிறைந்த அன்றே இறந்துபோன பெண்ணின் பெற்றோர் ஊர் அது. 1915-இல் காந்தி தேடி வந்த ஊர். நினைவு மண்டபம் இருக்கிறது. இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். 'அருகில் பார்க்க வேண்டியவை' என்ற உங்கள் பட்டியலில் அது இல்லை.

இனி, கடற்கரை. எனக்கு மிகவும் வலித்த பகுதி இதுதான். கோட்டைக்கும் கோயிலுக்கும் இடையில் வலை காயப்போடுவதும் கருவாடு உலர்த்துவதும் காட்சியைக் கெடுக்கின்றன, அவற்றை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். எங்கே என்று எழுதவில்லை. இந்தக் கரையில் வலை காய்வது கோட்டையைவிடப் பழைய காட்சி. மீன்பிடித் துறைமுகம் வந்துவிட்டதே என்கிறீர்கள். அது படகுக்கு. கருவாட்டுக்கு வெயிலும் மணலும் காற்றும் உள்ள திறந்த வெளி வேண்டும். அதை வைத்துப் பிழைப்பவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள், கணவரைக் கடலில் இழந்தவர்கள். விடிகாலையில் ஏலத்தில் எடுத்த மீனைக் கீறி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்பி, மழை மேகம் வந்தால் ஓடி வந்து வாரி, அப்படித்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். என்னைப் படிக்கவைத்தது அந்தக் கருவாடுதான்.

அதே பக்கத்தில் இந்தக் கடற்கரைக் காற்றில் ஓசோன் நிறைந்திருக்கிறது, உடம்புக்கு நல்லது என்று போட்டிருக்கிறீர்கள். பல வருடமாக இந்தப் பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. நாம் சுவாசிக்கும் உயரத்தில் ஓசோன் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல் என்று நான் எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பொறுப்பில் இருப்பவர்கள் அச்சடிக்கும் தாளில் இப்படி இருந்தால் பிள்ளைகள் யாரை நம்புவார்கள்? இந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல ஆசையென்றால் எங்களிடம் கேளுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. எந்தக் காற்றில் என்ன மீன் வரும், எந்தக் காற்றில் படகை இறக்கக் கூடாது என்று என் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

2004 டிசம்பர் 26 பற்றி உங்கள் கையேட்டில் ஒரே வரிதான். ஆழிப்பேரலையிலும் கோட்டை நின்றது என்கிறீர்கள். நின்றது உண்மைதான். அன்று காலை நான் பொறையாற்றில் இருந்தேன், அதனால் உயிரோடு இருக்கிறேன். திரும்பி ஓடி வந்தபோது கோட்டை நின்றது, எங்கள் தெரு இல்லை. என் பெரியம்மாவை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தோம். பிறகு கடலை விட்டுத் தள்ளி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், போனோம். ஆனாலும் விடிந்தால் எல்லோரும் இந்தக் கரைக்குத்தான் வருகிறோம். நீங்கள் குடை வரைந்த இடம் காலி மணல் என்று உங்கள் ஓவியர் நினைத்திருக்கலாம். அங்கே வீடுகள் இருந்தன. அதில் இருந்தவர்களின் பெயர்கள் எங்களுக்குத் தெரியும்.

இனி, நாங்கள் கேட்பவை.

முதலில், கையேட்டை அச்சுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். ஊர்ப் பஞ்சாயத்தார், மீனவப் பெண்கள், மூன்று மதத்துப் பெரியவர்கள், இங்குள்ள ஆசிரியர்கள், இவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை வரிக்கு வரி படியுங்கள். ஒரு நாள் போதும். தமிழ்ப் பிரதியை முதலில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் டேனிஷுக்கும் கொண்டுபோங்கள்.

வரலாறு கோயிலில் தொடங்கட்டும். கல்வெட்டின் வாசகத்தையும் இன்றைய தமிழில் அதன் பொருளையும் ஒரு பலகையில் எழுதி அங்கே வையுங்கள். தங்கத் தகட்டுக் கடிதத்தின் படத்தைக் கையேட்டில் போடுங்கள். கோங்ஸ்பாக்கே, அலேப்பா, அந்தப் பெயர் தெரியாத திண்ணை வாத்தியார், பெண்பிள்ளைகளின் பள்ளி, எல்லாம் வர வேண்டும். ஓசோனையும் பாடும் அலைகளையும் எடுத்துவிடுங்கள்.

நடைப்பயண வழியைப் பொறையாறு வரைக்கும் தில்லையாடி வரைக்கும் நீட்டுங்கள். வழிகாட்டிகளாக இந்த ஊர்ப் பிள்ளைகளையே பயிற்றுவித்துச் சம்பளம் கொடுங்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவுகளைப் பற்றி முடிவெடுக்கும்போது கோட்டையையும் விடுதிகளையும் மட்டும் கணக்கில் எடுக்காமல், கல் எங்கே கொட்டினால் மண் எங்கே அரிக்கும் என்று மீனவர்களிடம் கேளுங்கள். மாயவரம் ரயில் பாதையை மீண்டும் கொண்டுவரக் கோரும் பரிந்துரையை உங்கள் திட்டத்தில் எழுத்தில் சேருங்கள்.

ஒன்பதாம் பக்கத்தை முழுதாக நீக்குங்கள். கோட்டைக்கும் கோயிலுக்கும் இடையிலான மணலில் வலை காயப்போடவும் கருவாடு உலர்த்தவும் எங்களுக்கு உள்ள வழக்கம் தொடரும் என்று எழுதிக் கொடுங்கள்.

நான்காம் பக்கத்து வரைபடத்தில் அந்தக் குடையை அழித்துவிட்டு, மீனவர் தெரு என்று எழுதுங்கள். 2004-இல் அங்கே இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நாங்கள் தருகிறோம். அது முழுதாக, ஒரு பெயரும் விடாமல் அச்சாக வேண்டும்.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன்.

தரங்கம்பாடி மீனவர் தெருவில் பிறந்த ஓர் ஆசிரியை